ஹீமோகுளோபினைச் சுத்திப் பார்க்கலாம், வாங்க

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் வந்த தடுமாற்றங்களையும் திரும்பச் சொன்னவற்றையும் மட்டும் குறைத்திருக்கிறோம்.)

வழக்கமா நம்ம எபிசோடை நீங்க மெட்ரோல, பஸ்ல, இல்லன்னா பாத்திரம் கழுவிக்கிட்டே கேட்பீங்க. இன்னைக்கு மட்டும் முடிஞ்சா ஒரு லேப்டாப் முன்னாடி உட்காருங்க. போன்லயும் ஓடும், ஆனா திரை பெருசா இருந்தா நல்லது. ஏன்னா நாம ஒரு புரோட்டீனைக் கையில எடுத்து, திருப்பித் திருப்பிப் பார்க்கப் போறோம்.

பிரவுசர்ல ஆர்சிஎஸ்பி டாட் ஓஆர்ஜி. மேல இருக்கிற தேடல் பெட்டியில நாலே நாலு எழுத்து: 4, எச், எச், பி. இங்கிலீஷ் எழுத்துலதான் அடிக்கணும். என்டர் தட்டினா ஒரு பக்கம் திறக்கும். மனித ஹீமோகுளோபின். இப்போ இதைக் கேட்டுக்கிட்டு இருக்கும்போதே உங்க ரத்தத்துல ஆக்சிஜன் சுமந்துக்கிட்டு ஓடுதே, அதேதான். லாகின் கேட்காது, காசும் கேட்காது.

இந்தத் தளத்துக்குப் பின்னால இருக்கிறது புரோட்டீன் டேட்டா பேங்க், சுருக்கமா பிடிபி. 1971-ல் அமெரிக்காவின் புரூக்ஹேவன் தேசிய ஆய்வகத்தில் இதை ஆரம்பித்தபோது உள்ளே இருந்தவை வெறும் 7 கட்டமைப்புகள். இன்று 2 லட்சத்தைத் தாண்டிவிட்டது. அமெரிக்கா, ஐரோப்பா, ஜப்பான்னு மூணு இடத்துலயும் தளங்கள் இருக்கு, தரவு ஒண்ணுதான். உலகத்துல எந்த ஆய்வகம் ஒரு புரோட்டீனோட வடிவத்தைக் கண்டுபிடிச்சாலும், அதை ஒரு மதிப்புள்ள ஆய்விதழ்ல போடணும்னா, எந்த அணு எங்க இருக்குங்கிற பட்டியலை இங்க ஒப்படைச்சாகணும்.

'பட்டியல்'ங்கிற வார்த்தையைக் கொஞ்சம் பிடிச்சுக்கோங்க. பிடிபி-ல சேமிச்சு வச்சிருக்கிறது படம் இல்லை. ஒவ்வொரு வரிக்கும் ஒரு அணு. கார்பனா, நைட்ரஜனா, எந்த அமினோ ஆசிட்டைச் சேர்ந்தது, அப்புறம் மூணு எண்கள்: எக்ஸ், ஒய், இசட். ஆயிரக்கணக்கான வரிகள். அதைப் படிச்சு படமா வரையறது உங்க பிரவுசர். அந்த அழகான சுருள் ரிப்பன் இருக்கே, அப்படி ஒரு ரிப்பன் உடம்புக்குள்ள எங்கேயும் கிடையாது. சங்கிலி போற பாதையைக் கண்ணுக்குச் சுலபமாக் காட்டுற ஒரு வரைபட வழக்கம், அவ்வளவுதான்.

சரி, பக்கத்துக்கு மேல 'ஸ்ட்ரக்சர்'னு ஒரு டேப் இருக்கும், கிளிக் பண்ணுங்க. மோல்ஸ்டார்ங்கிற வியூவர் திறக்கும். இடது பட்டனை அமுக்கி இழுத்தா சுழலும், ஸ்க்ரோல் பண்ணினா ஜூம், வலது பட்டனை அமுக்கி இழுத்தா இடம் நகரும். ஒரு அஞ்சு நிமிஷம் சும்மா சுத்துங்க. மேனுவல் படிக்காதீங்க, முதல்ல கை பழகட்டும்.

என்ன தெரியுது? நாலு சங்கிலிகள், நாலு நிறத்துல. ஏ-வும் சி-யும் ஆல்ஃபா சங்கிலி, ஆளுக்கு 141 அமினோ ஆசிட். பி-யும் டி-யும் பீட்டா, ஆளுக்கு 146. ஒவ்வொரு சங்கிலிக்குள்ளயும் தட்டையா ஒரு தட்டு செருகி இருக்கும். அதுதான் ஹீம். அதோட நடுவுல ஒரு இரும்பு அணு. அந்த ஹீமைக் கிளிக் பண்ணுங்க. வியூவர் உள்ளே பாய்ஞ்சு, சுத்தி இருக்கிற அமினோ ஆசிட்களைக் குச்சி குச்சியாக் காட்டும். இரும்பைப் பிடிச்சுக்கிட்டு ஒரு ஹிஸ்டிடின் நிக்கிறது தெரியும்.

நீங்க மூணு கிளிக்ல வந்து சேர்ந்த இந்த இடத்துக்கு மேக்ஸ் பெரூட்ஸ் வந்து சேர 22 வருஷம் ஆச்சு. கேம்பிரிட்ஜில் 1937-ல் ஹீமோகுளோபின் படிகத்தின் மேல் எக்ஸ்ரே பாய்ச்ச ஆரம்பித்தவர், 1959-ல்தான் முதன்முதலாக அதன் மங்கலான உருவத்தைப் பார்த்தார். 1962-ல் நோபல் பரிசு. 4எச்எச்பி அதே குழுவிலிருந்து 1984-ல் வந்த, ரொம்பத் துல்லியமான ஒரு பதிப்பு.

துல்லியம்னு சொன்னேன் இல்லையா, எவ்வளவு துல்லியம்? முதல் பக்கத்துக்குத் திரும்புங்க. 'ரெசல்யூஷன்'னு ஒரு எண் இருக்கும்: 1.74 ஆங்ஸ்ட்ராம். ஒரு ஆங்ஸ்ட்ராம்னா ஒரு மில்லிமீட்டர்ல கோடியில ஒரு பங்கு. ரெண்டு கார்பன் அணுக்களுக்கு நடுவுல இருக்கிற தூரம் சுமார் 1.5 ஆங்ஸ்ட்ராம். நம்ம கேமரா பழக்கத்துல எண் பெருசா இருந்தா நல்லதுன்னு தோணும். இங்க தலைகீழ், சின்ன எண்தான் நல்லது. 2-க்குக் கீழ இருந்தா ஒவ்வொரு அமினோ ஆசிட்டோட கிளையும் எந்தப் பக்கம் திரும்பி இருக்குன்னு பெரும்பாலும் நம்பலாம். 3-ஐத் தாண்டிட்டா சங்கிலி போற பாதையை நம்பலாம், கிளைகளைப் பத்திக் கொஞ்சம் சந்தேகத்தோட பேசணும். 4-ஐத் தாண்டினா, எக்ஸ்ரே கொடுத்த மங்கலான மேகத்துக்குள்ள ஒரு மனுஷர் சங்கிலியைப் பொருத்திப் பார்த்திருக்கார்னு அர்த்தம். அவர் கெட்டிக்காரரா இருக்கலாம், ஆனாலும் அது அவரோட வாசிப்பு.

இது சும்மா பயமுறுத்தல் இல்லை. 2001-ல் கலிஃபோர்னியாவில் ஒரு ஆய்வகம், பாக்டீரியாவின் சவ்வில் இருக்கும் எம்எஸ்பிஏ என்ற புரோட்டீனின் கட்டமைப்பை சயின்ஸ் இதழில் வெளியிட்டது. ரெசல்யூஷன் 4.5. பெரிய பாராட்டு, அதை நம்பி மற்றவர்களின் ஆராய்ச்சிகள். 2006-ல் சுவிட்சர்லாந்திலிருந்து அதே குடும்பத்தைச் சேர்ந்த இன்னொரு புரோட்டீனின் கட்டமைப்பு வந்தது, ரெண்டும் ஒத்துப்போகவே இல்லை. தோண்டிப் பார்த்தால், கலிஃபோர்னியா ஆய்வகம் பயன்படுத்திய ஒரு சின்ன ப்ரோகிராம் தரவின் ரெண்டு நெடுவரிசைகளை இடம் மாத்தி வச்சிருந்தது. கண்ணாடியில பார்க்கிற மாதிரி இடது வலதாகிப் போச்சு. சயின்ஸ் இதழில் மட்டும் 3 கட்டுரைகளைத் திரும்பப் பெற்றார்கள். அஞ்சு வருஷம் யார் கண்ணிலும் படாமல் இருந்ததற்கு ஒரு காரணம், அந்தப் பெரிய எண்.

அதனால, முதல் பக்கத்துல ரெசல்யூஷனுக்குப் பக்கத்துல சிவப்புல இருந்து நீலம் வரைக்கும் சில பட்டைகள் இருக்கும், அதையும் பார்க்காம போகாதீங்க. தரச் சோதனை. குறி நீலப் பக்கம் நின்னா நல்லது, சிவப்புப் பக்கம்னா உஷார். அந்தப் பட்டைகள்ல ஒண்ணோட பேரைப் படிச்சுப் பாருங்க: 'ராமச்சந்திரன் அவுட்லையர்ஸ்'. ஆமா, நம்ம ஜி. என். ராமச்சந்திரன். புரோட்டீன் சங்கிலியில ஒவ்வொரு அமினோ ஆசிட்டுக்கும் சுழலக்கூடிய மூட்டு ரெண்டு உண்டு. அந்த ரெண்டு கோணத்தையும் நம்ம இஷ்டத்துக்கு வைக்க முடியாது, அணுக்கள் ஒண்ணோட ஒண்ணு இடிச்சுக்கும். எந்தெந்தக் கோணங்கள் சாத்தியம்னு கணக்குப் போட்டு ஒரு வரைபடமாக் கொடுத்தவர்கள், சென்னைப் பல்கலைக்கழகத்தில் ராமச்சந்திரன், ராமகிருஷ்ணன், சசிசேகரன். வருஷம் 1963, பிடிபி பிறக்க இன்னும் எட்டு வருஷம் இருந்தது. இன்னைக்கு உலகத்துல எங்கே யார் புதுக் கட்டமைப்பு கொடுத்தாலும் இந்தக் கணக்கு வழியாப் போய்த்தான் ஆகணும். டிகிரி முடிச்ச நிறைய பேருக்குப் பரீட்சையில வரைஞ்ச படமா மட்டும் ஞாபகம் இருக்கும். அது தினமும் வேலை பார்க்கிற இடம் இதுதான்.

அடுத்து, புதுசா வர்றவங்க எல்லாரும் குழம்புற ஒரு இடம். 1எச்எச்ஓ-ன்னு தேடுங்க. ஆக்சிஜன் பிடிச்சிருக்கிற ஹீமோகுளோபின். 4எச்எச்பி ஆக்சிஜன் இல்லாதது, இது ஆக்சிஜனோட. ஆனா பதிவுல ரெண்டே சங்கிலிதான் இருக்கும். மீதி பாதி எங்கே? தொலையலை. படிகத்துல ஒரே வடிவம் வால்பேப்பர் டிசைன் மாதிரி திரும்பத் திரும்ப வரும். அதனால திரும்ப வராத அளவுக்குச் சின்னதான துண்டை மட்டும் பதிவு பண்ணி, 'இதை இப்படிச் சுழற்றினா மீதி கிடைச்சிடும்'னு குறிப்பு எழுதி வைப்பாங்க. வியூவர்ல 'பயலாஜிக்கல் அசெம்ப்ளி'ன்னு ஒரு தேர்வு இருக்கும். அதுல வச்சாதான் உடம்புக்குள்ள இருக்கிற முழு உருவம், நாலு சங்கிலியும் வரும். அது தெரியாம 'ஆக்சிஜன் பிடிச்சா ஹீமோகுளோபின் ரெண்டா உடையுது'ன்னு முடிவுக்கு வந்துடாதீங்க.

முழு உருவத்தை வச்சு 4எச்எச்பி-யோட ஒப்பிட்டுப் பாருங்க. ஒரு பாதி இன்னொரு பாதிக்கு எதிரா சுமார் 15 டிகிரி திரும்பி இருக்கும், நடுவுல இருக்கிற ஓட்டை சுருங்கி இருக்கும். மூச்சு இழுத்து விடுறப்போ உங்க நுரையீரல் மட்டும் அசையலை, இதுவும் அசையுது. இந்தத் திருகலை ஞாபகம் வச்சுக்கோங்க, இப்ப தேவைப்படும்.

ஏன்னா இப்போதான் நான் உங்களை நிஜமாக் கூட்டிட்டு வரணும்னு நினைச்ச இடத்துக்கு வர்றோம். 2எச்பிஎஸ். கடைசி எஸ், சிக்கிளோட எஸ். சிக்கிள் செல் அனீமியா, அரிவாள் செல் ரத்தசோகை. வட்டமா, மெத்துனு இருக்க வேண்டிய சிவப்பணு அரிவாள் மாதிரி வளைஞ்சு, விறைச்சு, மெல்லிய ரத்தக் குழாய்கள்ல அடைச்சுக்கும். தாங்க முடியாத வலி. இது எங்கேயோ ஆப்பிரிக்காவுல மட்டும் இருக்கிற நோய்னு நினைக்கிறவங்க இன்னமும் இருக்காங்க. இந்தியாவில் இதை முதன்முதலாகப் பதிவு செய்தது 1952-ல், நீலகிரிப் பழங்குடி மக்களிடம்.

காரணம் ரொம்பச் சின்னது. பீட்டா சங்கிலிக்கான மரபணுவுல ஒரே ஒரு எழுத்து, ஏ இருந்த இடத்துல டி. அதனால சங்கிலியில ஆறாவது இடத்துல குளுட்டாமிக் ஆசிட்டுக்குப் பதிலா வேலின். இதை வெர்னன் இங்கிராம் 1957-லேயே வேதியியல் முறையில் காட்டிவிட்டார். ஆனா 146-ல ஒண்ணு மாறினா ஏன் இவ்வளவு கொடுமை? அதுக்குப் பதில் 2எச்பிஎஸ்-ல கண்ணால பார்க்கிற மாதிரி இருக்கு.

திறந்தா நாலு இல்லை, எட்டு சங்கிலி தெரியும். ரெண்டு முழு ஹீமோகுளோபின் பக்கத்துல பக்கத்துல. மேல இருக்கிற வரிசைப் பட்டியல்ல ஒவ்வொரு பீட்டா சங்கிலியா எடுத்து ஆறாவது வேலினைக் கிளிக் பண்ணுங்க. சிலதுல வேலின் சும்மா வெளியே நீட்டிக்கிட்டு நிக்கும். ஒரு இடத்துல மட்டும், பக்கத்து ஹீமோகுளோபினோட உடம்புல இருக்கிற ஒரு பள்ளத்துக்குள்ள போய்க் கச்சிதமா உட்கார்ந்திருக்கும். பள்ளத்தோட சுவர்ல 85-ஆவது ஃபீனைல்அலனின், 88-ஆவது லூசின். மூணுமே எண்ணெய்த்தன்மை கொண்டவை, தண்ணியைக் கண்டா ஒதுங்குற ஜாதி. பழைய குளுட்டாமிக் ஆசிட் மின்னூட்டம் உள்ளது, தண்ணியோடயே நிம்மதியா இருந்தது. வேலினுக்குத் தண்ணி பிடிக்காது, ஒளிய இடம் தேடுது, பக்கத்து வீட்டுல ஒரு பள்ளம் கிடைக்குது. அவ்வளவுதான் கதை. ஒண்ணு இன்னொண்ணுல சொருக, அது அடுத்ததுல சொருக, 14 இழை கொண்ட கயிறா நீண்டு, அணுவையே உள்ளிருந்து தள்ளி வளைச்சிடும்.

அந்தப் பள்ளம் ஆக்சிஜன் இல்லாத வடிவத்துலதான் வேலினுக்கு வாகா இருக்கு. ஆக்சிஜன் பிடிச்சுத் திருகிக்கிட்டா பொருத்தம் போயிடும். அதனாலதான் ஆக்சிஜன் குறையுற இடத்துல, குறையுற நேரத்துல, கயிறு திரிக்க ஆரம்பிக்குது.

இங்க நிறைய பேர் கேட்கிற கேள்வி: 'இப்போதான் ஏஐ வந்துடுச்சே, ஆல்ஃபாஃபோல்டுல போட்டா இதெல்லாம் வந்துடாதா?' நியாயமான கேள்வி. டீப்மைண்டும் ஐரோப்பிய உயிர்த்தகவலியல் நிறுவனமும் 2021-ல் திறந்த ஆல்ஃபாஃபோல்டு தரவுத்தளத்தில் அடுத்த வருஷமே 20 கோடிக்கும் மேற்பட்ட புரோட்டீன்கள் சேர்ந்தன. 2024-ல் டெமிஸ் ஹசாபிஸ், ஜான் ஜம்பருக்கு வேதியியல் நோபலில் பங்கு கிடைத்தது இதற்காகத்தான். யாரும் படிகமாக்கிப் பார்க்காத புரோட்டீனுக்கு இது பெரிய வரம். ஆனா இவை கணிப்புகள். நிறத்தைப் பாருங்க: அடர்நீலம்னா மாடலுக்கு நல்ல நம்பிக்கை, வெளிர்நீலம் பரவாயில்லை, மஞ்சள் சந்தேகம், ஆரஞ்சுன்னா அந்த வடிவத்தை வச்சு எதுவும் பேசாதீங்க. புற்றுநோய்ப் பேச்சுல அடிக்கடி வர்ற பி53-ஐத் திறந்தா நூல்கண்டு பிரிஞ்ச மாதிரி ஆரஞ்சு இழைகள் தொங்கும். அது நிஜமாவே அந்த மாதிரிதான், நிலையான வடிவம் இல்லாத பகுதி.

இப்போ நம்ம பீட்டா சங்கிலியை அங்க தேடுங்க, எண் பி68871. நீல நிறம், பார்க்க அருமை. ஆனா ஹீம் இல்லை, அது உட்காரும் இடம் காலி. ஆல்ஃபா சங்கிலி இல்லை, பக்கத்து ஹீமோகுளோபினும் இல்லை. ஆறாவது இடத்தை மாத்தினாலும் தனிச் சங்கிலி மடியுற விதம் கிட்டத்தட்ட அதேதான். நோய் இருக்கிறது ரெண்டு ஹீமோகுளோபின் தொட்டுக்கிற இடத்துல. தனியா நிக்கிற ஒண்ணை எவ்வளவு துல்லியமாக் காட்டினாலும் அது தெரியாது.

போற போக்குல ஒரு எச்சரிக்கை. ஆல்ஃபாஃபோல்டு பக்கத்துல அந்தக் குளுட்டாமிக் ஆசிட் 6-ஆவது இடத்துல இருக்காது, 7-ல இருக்கும். மரபணு எழுதுற முதல் மெத்தியோனினையும் சேர்த்து எண்ணுறாங்க, அது உடம்புல பின்னாடி வெட்டுப்பட்டுப் போயிடும். பழைய கட்டுரைகள்ல 6, புதிய மரபணு ரிப்போர்ட்கள்ல 7. ரெண்டும் ஒரே இடம்தான். ரிப்போர்ட்டைக் கையில வச்சுக்கிட்டு முழிக்கிற குடும்பங்களுக்கு யாராவது இதைச் சொன்னா நல்லது.

கடைசியா ஒரு பதிவு, 5ஈ83. சிக்கிள் ஹீமோகுளோபின், ஆனா உள்ளே ஒரு மருந்து மூலக்கூறு. பேரு வாக்செலோட்டர். ரெண்டு ஆல்ஃபா சங்கிலிகளோட முனைகள் சந்திக்கிற இடுக்குல ஒண்ணே ஒண்ணு உட்கார்ந்திருக்கும். ஆப்பு வச்ச மாதிரி. ஹீமோகுளோபினை ஆக்சிஜன் பிடிச்ச வடிவத்துலயே நிறுத்தி வைக்கிறதுதான் வேலை. திருகல் அப்படியே நின்னா பள்ளம் வாய்க்காது, பள்ளம் இல்லைன்னா கயிறு இல்லை. நாம இதுவரைக்கும் பார்த்ததுக்கெல்லாம் பதில் சொல்ற மாதிரி, வடிவத்தைப் பார்த்துச் செதுக்கின மருந்து. 2019-ல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. ரத்தத்துல ஹீமோகுளோபின் அளவும் ஏறுச்சு.

2024 செப்டம்பரில் ஃபைசர் நிறுவனம் அதை உலகம் முழுக்கச் சந்தையிலிருந்து விலக்கிக்கொண்டது. பின்னால வந்த தரவுகள்ல வலி நெருக்கடிகளும் மரணங்களும் மருந்து எடுத்தவங்க பக்கம் கூடுதலாத் தெரிஞ்சதுதான் காரணம். 5ஈ83-ஐ இன்னைக்குத் திறந்தாலும் மூலக்கூறு அதே இடத்துல, அதே அழகோட உட்கார்ந்திருக்கு. எதை எது தொடுதுன்னு அந்தப் படம் சரியாத்தான் சொல்லுது. இறுக்கிப் பிடிச்ச ஆக்சிஜனைத் திசுக்களுக்கு எந்த அளவு விட்டுக்கொடுக்கும், வருஷக்கணக்குல உடம்பு அதுக்கு என்ன செய்யும்ங்கிற கேள்விகளுக்கு எக்ஸ், ஒய், இசட்ல பதில் கிடையாது. இதுக்கு நேர் எதிர், ஹைட்ராக்சியூரியா. 1998-ல் அமெரிக்காவில் இந்த நோய்க்கு அனுமதி பெற்று, இன்றும் முதன்மையாகப் பயன்படுகிற மருந்து. அது ஹீமோகுளோபின் படத்தைப் பார்த்துச் செஞ்சது இல்லை, புற்றுநோய் சிகிச்சையில இருந்து வந்தது. பிறந்ததும் குறைஞ்சு போற கருக்கால ஹீமோகுளோபினை அது மறுபடி கூட்டுது.

கருக்கால ஹீமோகுளோபின் ஏன் உதவுதுன்னு பார்க்கணும்னா 1எஃப்டிஎச்-ஐத் திறங்க. அதுல பீட்டாவுக்குப் பதிலா காமா சங்கிலி. நம்ம பள்ளத்துக்கு வாங்க, 85-க்கும் 88-க்கும் நடுவுல. 87-ஆவது இடத்துல பீட்டாவுல த்ரியோனின் இருக்கும், காமாவுல அதைவிடப் பெரிய குளுட்டமின். பள்ளத்தோட வாசல்லயே ஒருத்தர் கால் நீட்டி உட்கார்ந்த மாதிரி. அந்த ஒரு மாற்றத்தை மட்டும் பீட்டா சங்கிலியில எழுதி, நோயாளியோட சொந்த ஸ்டெம் செல்லுக்குள்ள வச்சுத் திருப்பிக் கொடுக்கிற மரபணு சிகிச்சைக்கு 2023 டிசம்பரில் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. பேரு லிஃப்ஜீனியா. விலை 31 லட்சம் டாலர், ரத்தப் புற்றுநோய் வரலாம்ங்கிற எச்சரிக்கையும் கூடவே ஒட்டியிருக்கு. நீலகிரியில ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அது எப்ப வரும்ங்கிறது வேற கணக்கு. இப்போதைக்கு 2எச்பிஎஸ்-ல அந்த 87-ஐக் கண்டுபிடிச்சு, ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து எங்களுக்கு அனுப்புங்க. பள்ளத்தோட எந்தப் பக்கம் இருக்குன்னும் எழுதுங்க, அடுத்த எபிசோடை அதுல இருந்து ஆரம்பிக்கிறோம்.